மூலையில் மஞ்சள்

வெயிலம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அன்றைக்குத் தாலுகா ஆபீசில் அவள் பேசியது பக்கத்தில் நின்றவருக்கே பாதிதான் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். இடைசெவலுக்கு மேற்கே அவளுக்கு மூணு ஏக்கர் கரிசல். அங்கே போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துப் புஞ்சைக்காரர் அழகிரிசாமி உழுது தன் நிலத்தோடு சேர்த்து, முள்ளும் வெட்டி அடைத்துவிட்டார். எல்லைக்கல் எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார். கரிசலில் நட்ட கல் எந்தக் காலத்தில் நட்ட இடத்தில் நின்றது? கோடையில் மண் வெடித்தால் சாயும், மழை பெய்தால் புதையும். பாதைக்குச் சாட்சி தாலுகா ஆபீசில் இருக்கிற, நிலத்தின் எல்லையும் பாதையும் வரைந்த புலப்படம் ஒன்றுதான். அதைக் காட்டவே மாட்டேன் என்றார் தாசில்தார். அழகிரிசாமி அவருக்கு வேண்டியவர்.

போன வருசம் பருத்தியைத் தலைச்சுமையாக வரப்பு வரப்பாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். பாதி மழையில் நனைந்து கறுத்துப்போச்சு. இந்த வருசமும் எடுத்த பருத்தி காட்டில் குவிந்து கிடக்கிறது, தெற்கே மேகம் கூடுகிறது.

விடுவாளா? மெட்ராசுக்கு ரயிலேறிப் போய் ஹைகோர்ட்டில் கேஸ் போட்டிருந்தாள். படத்தைக் காட்டணும், நகலும் கொடுக்கணும் என்று இப்போது உத்தரவு வந்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் ஒரு காரியம் செய்தாள். கல்யாணப் பத்திரிகையோ கிரயப் பத்திரமோ, நல்ல காகிதம் எது வந்தாலும் மூலையில் மஞ்சள் தடவுவது அவர்கள் வீட்டு வழக்கம். உத்தரவுக்கும் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

தாசில்தாருக்கு அது போதுமாயிருந்தது. கோர்ட்டுக் காகிதத்தை அசிங்கப்படுத்திவிட்டாய், இது செல்லாது, வேறு வாங்கிக்கொண்டு வா என்று நுனிவிரலால் தள்ளினார். வேறு வாங்க எத்தனை மாசமோ! இந்தக் கை ஏன் சும்மா இருக்கவில்லை என்று வெயிலம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம். ஆனாலும் காகிதத்தை மேசையிலிருந்து எடுக்கவில்லை.

"சீலு தெரியுது, எழுத்துத் தெரியுது. மஞ்சள் மூலையிலதான் இருக்கு. ஹைகோர்ட்டு சொன்னது செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க ஐயா. அடுத்த ரயில்லயே போயி அவிய கையில குடுத்துருதேன்."

தாசில்தார் பேனாவை எடுத்தார், வைத்தார். கலெக்டரைக் கேட்கணும், நாளைக்கு வா என்றார். கலெக்டருக்கு மேலே இருக்கிறவர்களே சொல்லியாச்சே, படத்தைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்றாள். மனுவோடு காத்திருந்த சனமெல்லாம் வாசலில் கூடிவிட்டது. ஒருத்தரும் போகவில்லை. கடைசியில் மனுசன் தானே எழுந்துபோய் பீரோவைத் திறந்தார்.

படத்தில், அழகிரிசாமி உழுத நிலத்துக்கு நட்டநடுவே பாதை கோடு போட்டுக் கிடந்தது. சாயந்திரம் நகலை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

விடிந்ததும் வண்டியோடு போனாள். முள்வேலிக்கு முன்னால் அழகிரிசாமி நின்றார். யாரைக் கேட்டு என் முள்ளில் கை வைக்கிறாய் என்றார்.

"கோர்ட்டு சொன்னதுக்குத் தாசில்தாரே எந்திரிச்சுட்டாரு அண்ணாச்சி. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அரிவாளை ஓங்கினாள், முள்ளின் மேல்.