மருதவிளை ஏற்றத்தில் எடை இல்லாத நாற்பத்திரண்டு அடி

குன்னத்துகாலில் மருதவிளை ஏற்றத்தில், தலையில் கொண்டுபோகும் எந்தச் சுமைக்கும் நாற்பத்திரண்டு அடி தூரம் எடை கிடையாது. மரச்சீனிக் கிழங்குக் கட்டானாலும் சிமெண்ட் மூட்டையானாலும் அப்படித்தான். சுமக்கிறவன் தன் உடம்பின் கனத்தோடு நடப்பான், வியர்ப்பான். தலைமேல் இருப்பது மட்டும் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். மேலே பலாமரத்தைத் தாண்டியதும் எடை திரும்ப வந்து உட்காரும். அதற்காகக் கழுத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொள்ள எல்லோரும் பழகியிருந்தார்கள். இதை யாரும் மறைக்கவில்லை, வெளியே சொல்லவும் இல்லை. ஏற்றம் என்று ஒன்று இருந்தால் நடுவில் இப்படி ஒரு ஆசுவாசம் எல்லா ஊரிலும் இருக்கும் என்றே நினைத்திருந்தார்கள்.

விஜயதாஸ் அங்கே முப்பத்தெட்டு வருடமாகச் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி. அவர் மகள் ரெஷ்மா புல்லுக்கட்டோடு அந்த ஏற்றத்தில் ஏறி வளர்ந்தவள். எல்லாப் பொருளுக்கும் எல்லா இடத்திலும் எடை உண்டு என்று பள்ளியில் படித்தபோது, மருதவிளையைச் சேர்க்காததற்குப் புத்தகத்தில் பக்கம் போதாததுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டாள். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த பிறகுதான், காரணம் அதுவல்ல என்று புரிந்தது. அந்த வருடம் மார்ச்சோடு அவளுடைய பிரிவை மூடுவதாக இருந்தார்கள். உலகம் எதனால் ஆனது என்ற கேள்வியில் ஐம்பது வருடமாகப் புதிதாக ஒன்றும் வரவில்லை, கருவிதான் பெரிதாகிறது என்பது மேலிடத்தின் வாதம். கூட்டத்தில் பிரிவின் தலைவி லேகாவாலும் அதை மறுக்க முடியவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கிடைத்த துகள்கூட அறுபத்துநான்கிலேயே தாளில் எழுதி வைத்ததுதான் என்றார். அப்போது ரெஷ்மா எழுந்து, "எங்க ஊரு ஏற்றத்தில ஒண்ணு உண்டு, மேடம்" என்றாள். லேகா சிரித்தார். மூடுவதற்கு முன்னால் அதையும் பார்த்துவிடுவோம் என்று பிப்ரவரியில் வந்தார்.

ஈர்ப்பை அளக்கும் பெட்டி லாரியில் வந்தது. இரண்டு அரிசிமூட்டைக் கனம். வழி குறுகல் என்பதால் லாரி ஏற்றத்தின் உச்சியில் நின்றது. உடன் வந்தவர்கள் பெட்டியில் கை வைக்கும் முன்பே விஜயதாஸையும் சேர்த்து யூனியன்காரர்கள் ஏழு பேர் நீலச் சட்டையோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"மேடமே, கையெடுங்க. இங்க ஏத்துறதும் இறக்குறதும் நாங்களாக்கும்" என்றான் செயலாளர் சஜன்.

"இது மெஷின். விழுந்தா போச்சு."

"முட்டை லோடு இறக்குற தலையாக்கும் மேடம் இது. ஒண்ணு ஒடஞ்சதில்ல."

பேசி முடித்ததில், ஏற்றுவதும் இறக்குவதும் யூனியனுக்கு, தரையில் உருட்டுவது படித்தவர்களுக்கு என்று தீர்ந்தது. பெட்டியை அடிவாரத்துக்குச் சுமந்து இறக்கினார்கள். அன்று கருவி அணைந்திருந்தது. பிறகு மூன்று வாரம் அதைச் சக்கரப் பலகையில் உருட்டி, அடிக்கு ஓரிடமாகத் தரையில் வைத்துப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் வழக்கமான ஒன்பது புள்ளி ஏழு எட்டு. உலகம் முழுக்க அளப்பது தரையில் வைத்துத்தான். அது சரியில்லை என்று விஜயதாஸுக்குப் பட்டது. படித்தவர்கள் வேலையில் வாய் வைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டார்.

கடைசி நாள் பெட்டி மறுபடி அடிவாரத்தில் நின்றது. ரெஷ்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதில் அதை அணைக்க மறந்துபோனாள். "போட்டே, விடு ரெஷ்மா. நம்ம தலைமுறைக்கு இவ்வளவுதான்" என்றார் லேகா.

"அம்பது வருசமா ஒண்ணும் நடக்கலியா?" என்று சஜன் இடையில் புகுந்தான். "எங்க பஞ்சாயத்து ரோட்ட விட மோசமாக்கும்."

பெட்டியை மேலே லாரிக்குச் சுமந்தது விஜயதாஸ். மகளின் பெட்டியை வேறு ஒருத்தன் தலையில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. சும்மாடு வைத்து ஏறினார். ரெஷ்மா பின்னால் நடந்தாள். பெட்டியின் பின்பக்கத்தில் எண் ஓடிக்கொண்டிருந்தது. எடை விடும் இடம் வந்ததும் அது பூஜ்யம் என்று நின்றது.

"அப்பா, நில்லுங்க!"

"சுமட்டோட நிக்கச் சொல்லுதியே!"

"கனக்குதா?"

"இங்க எப்போ கனம் இருந்துது, மக்ளே?"

லேகா முதலில் நம்பவில்லை. பெட்டியை மறுபடி கீழே கொண்டுவரச் செய்து, சேலையைச் செருகி, தானே சும்மாடு வைத்து, அதைத் தலையில் தூக்கி வைக்கச் சொன்னார். அடிவாரத்திலிருந்து நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். எடை விட்டதும், "எண்டம்மோ!" என்றார். அதற்குப் பிறகு அந்த நாற்பத்திரண்டு அடியில் மேலும் கீழுமாகப் பத்தொன்பது தடவை நடந்தார். இறக்கி வைக்கச் சொல்லி ரெஷ்மாதான் கெஞ்ச வேண்டியிருந்தது.

அடுத்த இரண்டு வருடத்தில் பதினோரு நாட்டு இயற்பியலாளர்கள் வந்து மருதவிளையில் தலையில் சுமந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் பூஜ்யம். காரணம் என்ன என்ற இடத்தில் அவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 'தெரியவில்லை' என்றது. ஆய்வுப் பத்திரிகை அப்படியே அச்சிட்டது. கண்டறிந்தவர்கள் பட்டியலில் ரெஷ்மா, லேகா பெயர்களோடு யூனியனின் ஏழு பெயர்களும் இருந்தன. எந்த நிறுவனம் என்று கேட்டிருந்த இடத்தில் சஜன் யூனியனின் பதிவு எண்ணைக் கொடுத்தான். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. மார்ச்சில் மூடாமல் தள்ளிப்போட்டிருந்த பிரிவை இனி மூடுவதே இல்லை என்ற கடிதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. ரெஷ்மா அதை ஏழு பேருக்கும் நின்றவாக்கில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது. முழுதும் கேட்டு முடித்துவிட்டு, ஏழு ஆராய்ச்சியாளர்களும் துண்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு லோடு இறக்கப் போனார்கள்.