ஒரு படி தவிட்டுக்குப் போனவர்கள்

கீழ்க்கட்டளை ஜெயவேலுவின் மகள் சாமுண்டீஸ்வரி, பிறந்த பதினாறாம் நாளிலிருந்து ஒரு படி தவிட்டின் எடைதான் இருந்தாள். பல் முளைத்தது, முடி இறக்கினார்கள், கன்னத்தில் சதை வைத்தது. எடை மட்டும் ஏறவில்லை. கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் பாப்பாவின் இடுப்பில் ஏறினால் மட்டும் வயதுக்குத் தகுந்த கனம் வந்துவிடும். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பாப்பாவோடு சேர்த்து எடை போட்டு, பாப்பாவின் எடையைக் கழித்து எழுதிக்கொண்டு போய்விட்டாள். ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருஷம் மனை விலை ஏறிக்கொண்டிருந்தது. பேச அதுவே போதுமாக இருந்தது.

பெற்றவள் தையல்நாயகிக்குத்தான் வயிறு எரிந்தது. பொறாமை அவளுக்குப் புதிதல்ல. 1971இல் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பிள்ளையில்லை. ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோவில் இல்லை. அந்தக் காலமெல்லாம் அவள் கண் மற்றப் பெண்களின் இடுப்பின் மேல்தான். அடிபம்பில் தண்ணீருக்கு நிற்கிறவர்கள் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, "இடுப்பே உட்டுப்போச்சுக்கா" என்று அலுத்துக்கொள்வார்கள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வலிக்கிறதாமே வலி! எனக்கும் ஒரு நாளைக்கு வலிக்கட்டுமே என்று வெடுக்கென்று குடத்தை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள். வளைகாப்புகளுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டாள்.

1983 ஐப்பசியில் அவளுக்கே பெண் பிறந்தது. இப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளையைப் பிள்ளைப்பேறு மிகுந்த ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்க வேண்டும், அப்போதுதான் கண் படாமல் நிலைக்கும் என்றாள் ஜெயவேலுவின் அக்கா கங்கையம்மாள். ஆறு பெற்று ஆறையும் வளர்த்த பாப்பாதான் அதற்குத் தோது. மீன்காரியிடம் தவிடு ஏது? கங்கையம்மாளே வீட்டு மாட்டுக்கு வைத்திருந்ததில் ஒரு படி அளந்து பாப்பாவுக்குக் கடன் கொடுத்தாள். பாப்பா அதை முறத்தில் கொட்டிவிட்டுக் குழந்தையை வாங்கினாள். அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று எல்லோரும் உள்ளே போனார்கள். கட்டு அவிழ்ந்திருந்த மாடு வந்து முறத்தை நக்கித் துடைத்துவிட்டது.

"அதனால என்ன? தவிடு தவிடுதானே" என்று ஜெயவேலு மூட்டையிலிருந்து வேறு படி அளந்து கொடுத்தான். தவிடு தவிடாக இல்லை. தையல்நாயகி பிள்ளையைக் கையில் வாங்கியபோது வெறும் துணியை வாங்கியது போலிருந்தது.

அன்றிலிருந்து பாப்பா வாரத்துக்கு இரண்டு நாள் வருவாள். கூடையை இறக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்குவாள். தூக்கியதுமே ஒரு பக்கமாகச் சாய்வாள்.

"அய்ய, இன்னா கனம் கனக்குதுமா உன் பொண்ணு! இடுப்பு ஒடியுது."

அந்தச் சாய்வைத்தான் தையல்நாயகியால் தாங்க முடியவில்லை. வீட்டில் ஆறு இருக்கிறது, ஏழாவதாக என் பிள்ளையின் கனமும் இவளுக்கா என்று நெஞ்சு கொதித்தது. மீன் அழுகல் என்றாள், எடைக்கல் மோசம் என்றாள், கடைசியில் இனி இந்தத் தெருவுக்கே வராதே என்றாள். பாப்பா வரவில்லை. ஆடி பிறந்து காற்று கிளம்பியது. குழந்தை பரணுக்கு ஏறி, பித்தளை அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தது. ஜெயவேலு ஏணி போட்டு இறக்கினான். மறுநாளும் இறக்கினான். அதன் பிறகு தூளியோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். நான்கு வயதில் அது கட்டை அவிழ்க்கக் கற்றுக்கொண்டு தென்னை உச்சிக்குப் போனதும், மரமேறியை விட்டு இறக்கிய கையோடு ஜெயவேலுவே சைக்கிளில் போய்ப் பாப்பாவை அழைத்துவந்தான்.

"ஆறு பெத்தும் உனக்குப் போதலையா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் தையல்நாயகி. "என் பொண்ண என்கிட்டயே குடுத்துடு."

"நானா கேட்டேன்? நீங்களே கூப்ட்டு, நீங்களே தவுடும் குடுத்து, இப்ப என்னாண்ட சண்டை போட்டுகினு கீறீங்க. ஒரே பேஜாரா பூட்ச்சுமா உங்களோட!" என்றாள் பாப்பா. அதற்குள் தன் இடுப்பில் தாவி ஏறியிருந்த பிள்ளையைக் கீழே இறக்கி, இடுப்பைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒண்ணு பண்லாம். உன்னியும் நான் வாங்கிக்கினா? அம்மாவும் பொண்ணும் ஒரே வூட்டு ஆளுங்க ஆயிடுவீங்க. அப்பால அவ கனம் உனக்கு வராம எங்க போவும்?"

கங்கையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு காணி நிலம் இருந்த வீட்டு மருமக, மீன்காரிக்கு மகளாப் போறதா? தம்பி, நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே!"

ஜெயவேலு பார்த்துக்கொண்டுதான் நின்றான். தையல்நாயகி கொட்டகைக்குப் போய்த் தன் கையாலேயே ஒரு படி அளந்து பாப்பாவிடம் கொடுத்தாள். பாப்பா அதை ஜெயவேலு நீட்டிய முறத்தில் கொட்டி, தையல்நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிற்பாடு யாருக்கும் மீட்கிற எண்ணம் வந்துவிடக் கூடாது என்று, முறத்தை வாங்கி மாட்டின் முன்னால் வைத்ததும் தையல்நாயகிதான்.

"இன்னாடி பாத்துகினு கீற? தூக்குடி" என்றாள் பாப்பா.

தூக்கினாள். நான்கு வருஷத்துக் கனமும் ஒரேயடியாக இடுப்பில் இறங்கியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா" என்றாள். அது வலியில் வந்த அம்மாவா, பாப்பாவைக் கூப்பிட்டதா என்று கங்கையம்மாளுக்கு நெடுநாள் சந்தேகம் இருந்தது. பிள்ளைக்கு எட்டு வயதாகும்வரை தையல்நாயகி அவளைக் கீழே விடவில்லை. இடுப்பு வலி, இடுப்பு வலி என்று அடிபம்பில் அவள் போட்ட போடு தாங்காமல் பெண்கள் நேரத்தை மாற்றிக்கொண்டு தண்ணீருக்கு வந்தார்கள். அவளுமே மற்றவர்களுக்கு ஒரு படி தவிட்டின் எடையாகிவிட்டாள். ஜெயவேலு மொபெட்டில் பின்னால் ஆள் இருக்கிறதா என்று தெரியாமல், மேடவாக்கம் கூட்ரோட்டில் அவளை இரண்டு முறை விட்டுவிட்டு வந்திருக்கிறான்.

பொறாமை மட்டும் போகவில்லை. தொண்ணூற்றிரண்டில் தீபாவளிக்கு மறுநாள் மகளோடு குப்பத்துக்குப் போனவளுக்கு, அங்கே ஆறு பேர் தட்டிலும் வஞ்சிரம், தன் தட்டில் மட்டும் நெத்திலி விழுந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் இது என்று கேட்டேவிட்டாள்.

"அதுங்கள்ளாம் நான் பெத்ததுங்கடி. உன்ன தவுட்டுக்குத்தானே வாங்கினேன்" என்று பாப்பா சிரித்தாள்.

நாற்பது வயதுக்காரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் பாப்பா யாருக்கும் காட்டாமல் எடுத்து வைத்திருந்த வவ்வால் மீனைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவளோடு பேசினாள்.