மச்சினனுக்கு ஒரு யூசர் ஐடி

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான். எங்கள் பார்சல் கம்பெனியில் புகார் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்றதும் என் மனைவியின் தம்பியைச் சிபாரிசு செய்தேன். மருந்துக்கடை, அச்சகம், லிஃப்ட் கம்பெனி என்று எங்கேயும் அவன் ஒரு மாதம் தாண்டியதில்லை.

"ஆள் நிப்பாராய்யா?" என்றார் மேனேஜர்.

"நிப்பான் சார்" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை, அவர் எப்படி நம்புவார்? மதியத்துக்குள் அவன் ஐடி வாங்கி சீட்டில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தன் கைவசம் இருக்கும் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

புதிதாகச் சேருபவர்கள் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் தங்கள் விவரத்தைத் தாங்களே அடித்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து ஐடி போடுவது என் வேலை. மச்சினனை அங்கே உட்கார வைத்துவிட்டு என் அறைக்கு வந்தேன். அவன் விவரம் வரவில்லை. சரி, நானே போட்டுவிடலாம் என்று முயன்றால், 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்றது திரை.

பாஸ்வேர்டைச் சந்தேகப்பட்டேன். அது சரியாக இருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன், அதிலும் குறையில்லை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் சர்வர் அறையைக் கூட்ட வந்த அம்மாவையே, "எதையாச்சும் தொட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் துடைப்பத்தை என்னிடமே நீட்டினார்.

அதற்குள் கம்பெனி முழுக்க ஸ்தம்பித்துவிட்டது. பில் போட முடியவில்லை என்று கணக்காளர் வந்து நின்றார், வண்டி கிளம்பவில்லை என்று டிரைவர்கள் கத்தினார்கள். மேனேஜர் கடிகாரத்தையே பார்த்தார்.

எனக்கென்று ஒதுக்கிவைத்த தனி வழியில் சர்வருக்குள் நுழைந்து, இணைப்புகளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அத்தனையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து. அது வரவேற்பறைக் கம்ப்யூட்டர்.

ஓடினேன். மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு 'அனுப்பு' பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான். ஒரு அழுத்தலுக்கு ஒரு இணைப்பு, மொத்தக் கம்பெனிக்கும் இருப்பதோ குறிப்பிட்ட அளவுதான். பதில் வரும்வரை அது சர்வரை விடாது. பதில் வருவதற்குள் இவன் அடுத்ததை அழுத்திவிடுவான். சர்வர் கொடாக்கண்டன் என்றால் இவன் விடாக்கண்டன்.

"டேய், என்னடா பண்றே?"

"காலையிலேருந்து அழுத்திட்டே இருக்கேன் மாமா. தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல."

"ஒரு தடவ வரலேன்னா என்னை வந்து கேக்கறதில்ல?"

"அக்காதான் சொல்லுச்சு, இந்த ஒரு வேலையையாவது பாதியில விட்டுட்டு வராதேன்னு." வீங்கிய விரலைக் காட்டினான்.

அவன் கையைப் பிடித்து அவன் மடியிலேயே வைத்துவிட்டு, என் அறைக்குத் திரும்பி அவன் பிடித்திருந்த இணைப்புகளையெல்லாம் அறுத்தேன். அடுத்த நிமிடம் ஐடி விழுந்தது. பில்லும் ஓடியது, வண்டியும் கிளம்பியது.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "என்னய்யா கோளாறு?"

"புது ஆளு சார்" என்றேன். "நிப்பாரான்னு கேட்டீங்களே, கம்பெனியே நின்னுச்சு, அவன் அழுத்தறத நிறுத்தல."

மேனேஜர் வரவேற்பறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "வரச் சொல்லு. புகார் சொல்றவங்களும் அப்படித்தான், விடவே மாட்டாங்க."