கருந்தலைக் கொக்கு

“நம்ம பக்கத்துக் கொக்குக்கு உச்சந்தலை செவப்புதானே? அதான் அங்க செம்மண்ண வச்சேன்,” என்றேன்.

“ரொம்ப சரி,” என்றார் தொக்போ, முகத்தைத் திருப்பிக்கொண்டு. “சூளைக்குப் போயிட்டு வரட்டும்.”

பட்டறையில் அது எனக்கு முதல் நாள். பாதி காய்ந்த கிண்ணத்தில் வட்டங்கள் கீறி அவர் கொக்கும் மேகமும் செதுக்குவார். அந்தப் பள்ளங்களில் வெள்ளை மண்ணையும் செம்மண்ணையும் குழைத்து அடைத்து, மேலே வழிந்ததைச் சுரண்டி எடுப்பது என் வேலை. செம்மண் தீயில் கறுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். பச்சை மெருகுக்கு அடியில் என் கொக்கு, மைக்குள் தலையை விட்டு எடுத்ததுபோல வெளியே வந்தது. யோன்சில் என்ற என் பெயரை எங்கள் ஊரான தாம்ஜின் கரையில் எல்லோரும் மறந்தார்கள். ‘கருந்தலைக் கொக்கு’ என்றால்தான் தெரியும்.

அதனால் அவர்மேல் வந்த கோபம் எப்போது ஆசையானது என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். சூளையைப் பார்த்துக்கொள்ளும் என் அப்பாவிடம் தொக்போ ஒரு வார்த்தை கேட்டால் போதும். நானும் காத்திருந்தேன். அவரோ அப்பாவைக் கண்டதும் விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

இந்த இலையுதிர் காலத்தில் சூளையைத் திறந்தோம். தலைநகருக்குப் போகும் கப்பல் துறையில் நின்றது. அப்பா ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்து, பிசகியதைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் அவர் கை நின்றது. வட்டத்துக்கு ஒன்றாகப் பறக்கவேண்டிய கொக்குகள், ஒரே வட்டத்தில் ஜோடியாக. அதில் ஒன்றின் தலை கன்னங்கரேலென்று இருந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை நான் அடைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அப்பா சுத்தியலை ஓங்கினார்.

“நான்தாங்கய்யா அடைச்சேன்,” என்றார் தொக்போ.

“ஏண்டா, செம்மண் கறுக்கும்னு உனக்குமா தெரியாது?”

“கறுக்கணும்னுதான் வச்சேன். அது விக்கறதுக்கில்ல. யோன்சிலுக்கு.”

சிரிப்பு சட்டென்று அடங்கியது. நான் போய், இன்னும் சூடு ஆறாத அந்தக் கிண்ணத்தை அப்பா கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார். மீசைக்கு அடியில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அப்புறம்? விறகு ஈரமா இருக்கா?”

“இல்லங்கய்யா,” என்ற தொக்போவுக்குக் காது சிவந்துபோயிருந்தது. “உங்க வீட்டுக்கு நான் மாப்பிள்ளையா வந்துரட்டுமா?”