வீட்டில் எத்தனை பேர்

"அதத் தொடாதடி! விசாரணை ஐயா வந்து பாக்குற வரைக்கும் ஒண்ணையும் நகர்த்தப்படாது."

கலைச்செல்வி போட்ட சத்தத்தில் ஜீவராணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். செத்துக் கிடந்த அம்மாவின் தலைமாட்டில் ஒரு கோப்பை இருந்தது. வெள்ளை எனாமல், நீல விளிம்பு, உள்ளே பாதித் தண்ணீர். பக்கத்துக் காம்பிராவில், அடுத்த வீட்டில் இருக்கும் கலைச்செல்விக்கு அது வெறும் கோப்பை. ஜீவராணிக்கு அப்படியில்லை. அவளுடைய அப்பா நல்லையா தேத்தண்ணி குடித்த கோப்பை அது. றப்பர் மலையில் மின்னல் விழுந்து அவர் செத்த நாளிலிருந்து மேல்தட்டில் கவிழ்ந்தபடியே கிடந்தது. வீட்டில் அதை யாரும் எடுப்பதில்லை. தம்பி சதீஸ் அந்தத் தட்டுக்குக் கீழே நிற்கக்கூட மாட்டான்.

"இத யாருக்கா எறக்குனது?"

"எனக்கென்ன தெரியும்? வெறகுக்குப் போவோம்னு காலையில கூப்பிட வந்தேன். உங்கம்மா இப்படித்தான் கெடந்தாங்க. இவன் பக்கத்துல குந்திக்கிட்டு இருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல."

சதீஸ் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, அக்கா வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். ரம்புக்கனையில் துணிக்கடையில் நிற்கும் ஜீவராணி, செய்தி கேட்டுக் கட்டிய சேலையோடு பஸ் ஏறி வந்தவள். வழியெல்லாம் அழுதிருந்தாள். வீட்டுக்குள் காலை வைத்ததும் அழுகை நின்றுபோனது. காரணம் ஒரு நாற்றம். காய்ந்த றப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம், அப்பா வேலை விட்டு வந்ததும் வீடு முழுக்க வீசுமே, அதே நாற்றம். இந்த லயத்து வரிசை வீடுகளில் பால் வெட்டப் போகிறவர்கள் இப்போது ஒருவரும் இல்லை.

மரண விசாரணை அதிகாரி ஜுனைதீன் ஒரு பொலிஸ் சார்ஜனோடு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். சார்ஜன் போனில் படம் எடுத்தான். கோப்பையைக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"நெஞ்சு வருத்தம் இருந்திச்சுதானே மகள்?"

"ஆமாங்க ஐயா. கிளினிக் போய்க்கிட்டுத்தான் இருந்தாங்க."

"அப்ப ஒண்ணும் பயப்படாதீங்க. கூட இருந்தவரு கண்டத செல்லட்டும், நான் எழுதிக்கிறேன். இண்டைக்கே அடக்கம் செய்யலாம்." அவர் சதீஸுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். "தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

சதீஸ் பேனாவைப் பார்த்தான். "ஞாயிறு."

அன்றைக்கு வியாழன்.

"மாசம்?"

"தீவாளி மாசம்." சித்திரை பிறந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

"நூறுல ஏழு போனா?"

"நூத்தி ஏழு."

"வீட்டுல எத்தன பேரு?"

"மூணு. அம்மா, நான், அப்பா."

சார்ஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெயாட்ட பிஸ்ஸுத?" என்று சிங்களத்தில் கேட்டான். இவனுக்குப் பைத்தியமா என்று. ஜுனைதீன் அவனைக் கையமர்த்தினார்.

"உம்மாக்குத் தண்ணி குடுத்தது யாரு தம்பி?"

"அப்பா."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. சதீஸுக்குச் சித்தம் கலங்கியது பள்ளிக்கூடம் விட்ட வருஷம். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பான், மரத்தோடு சண்டை பிடிப்பான். ஆனால் நாள், கிழமை, கணக்கு எல்லாம் மண்டையில் அப்படியே நின்றன. அப்பா செத்த பிறகு முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனபோது, கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று சரியாகச் சொல்லிவிட்டான். நல்லாத்தானே இருக்கிறார், வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் பால் வெட்டும் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அந்தக் கிழமையே மரத்தை விட்டுவிட்டுத் தன் முன்னங்கையைச் சீவிக்கொண்டு வந்து நின்றான். உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்த்தானாம்.

அன்றைக்குத்தான் அம்மா துணிந்தாள். ஊரில் தாய்மார் எல்லாம் பிள்ளைக்குச் சரியான பதிலைச் சொல்லிக் கொடுப்பார்கள். இவள் அவனை அடுப்படியில் உட்காரவைத்துப் பிழையான பதில்களைச் சொல்லிக் கொடுத்தாள். பேனாவோடு யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும், சத்தியம் பண்ணு என்றாள். அவனும் பண்ணினான். அதற்குப் பிறகு யாரும் அவன் கையில் கத்தி கொடுக்கவில்லை. இது ஜீவராணிக்கும் தெரியும். இந்த நாளில், இந்த இடத்தில் அது வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

ஜுனைதீன் பேனாவை மூடினார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"சாட்சி செல்றவருக்குப் புத்தி தெளிவா ஈக்கணும் மகள். இவர்ட வாக்க நான் எழுத ஏலாது. வேற பார்த்தவங்களும் இல்ல. உடம்ப கரவனெல்லை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெட்டிப் பாக்கத்தான் வேணும். இவரையும் சார்ஜன் கூட்டிட்டுப் போய்க் கோர்ட்டுல காட்டுவாரு. பொறகு பெரிய மனநோய் ஆஸ்பத்திரிதான்."

அப்பாவின் உடம்பு அப்படி வெட்டித் தைத்து வந்ததை ஜீவராணி பார்த்திருக்கிறாள். கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் சாக்குத் தையல். "எனக்கு இது வேணாண்டி, என்னய முழுசாப் பொதைங்க, இவனயும் எங்கயும் அனுப்பிறாதீங்க" என்று அம்மா அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். இரண்டே இரண்டு ஆசை. இரண்டும் இப்போது ஒன்றாகப் போகப் பார்த்தன.

"ஐயா, பயத்துல ஒளறுறான். கொஞ்சம் பொறுங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சா சரியாயிருவான். உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ஜுனைதீன் சார்ஜனைப் பார்த்தார். "நாங்க வெளிய நிக்கிறம். போய்ட்டு வாங்க."

பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்துக்குத் தம்பியை இழுத்துக்கொண்டு போனாள். றப்பர் மரங்கள் லயத்தின் முதுகுவரைக்கும் வந்து நின்றன. காற்று இல்லை. ஒரு இலை அசையவில்லை.

"சதீஸ், எங்கிட்ட பேனா இல்ல, பாரு. அம்மா சொல்லிக் குடுத்தத விட்டுரு. நெசத்தச் சொல்லு. இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்."

"நூறுல ஏழு போனா?"

"தொண்ணூத்தி மூணு. எம்பத்தி ஆறு. எழுவத்தி ஒம்போது. எழுவத்தி ரெண்டு." அவன் நிறுத்தாமல் இறங்கிக்கொண்டே போனான்.

"போதும், போதும். என் ராசா." அவளுக்கு உயிர் வந்தது. "வீட்டுல எத்தன பேரு?"

"அம்மா செத்துருச்சு. நீ வந்துட்ட. அப்பவும் மூணுதான்."

"டேய், நெசத்தச் சொல்லுன்னு சொன்னேன்."

"நெசந்தான்க்கா. மத்ததையெல்லாம் அம்மா மாத்திச் சொல்லச் சொல்லுச்சு. இத மட்டும் மாத்த வேணாம்னுச்சு. இது இருக்கிறபடியே சொன்னாப் போதும், எப்படியும் நம்பமாட்டாங்கன்னுச்சு."

ஜீவராணி பிடித்திருந்த அவன் கையை விட்டாள்.

"தண்ணி யாருடா குடுத்தது?"

"அப்பாதான். அம்மா நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத் தண்ணி கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். அதுக்குள்ள அப்பா கோப்பைய எறக்கித் தண்ணி மோந்துட்டாரு. எனக்குத்தான் பயம். அம்மாக்குப் பயமில்ல. வாங்கிக் குடிச்சிட்டு, போலாங்கன்னு சொல்லுச்சு."

சொல்லும்போது அவன் குரல் பிசிறவில்லை. கணக்குச் சொன்ன அதே குரல். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வாசல் திறந்திருந்தது, உள்ளே இருட்டாக இருந்தது, அந்தப் புளித்த நாற்றம் வாசல்வரைக்கும் வந்துவிட்டிருந்தது. ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. முன்பக்கத்தில் சார்ஜன் செருமினான்.

அவள் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க கேளு. எல்லாத்தையும் சரியாச் சொல்லு. இத மட்டும் மாத்து. வீட்டுல நீயும் அம்மாவும். தண்ணி நீதான் குடுத்த."

"நான் குடுக்கலயே. அது பொய்."

"பொய்தான். அம்மாவ வெட்டப் போறாங்கடா. உன்னயும் கொண்டுபோயிருவாங்க. சொல்லு, தண்ணி யாரு குடுத்தது?"

"நான்."

"வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு."

"திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். அவளுடைய வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல், அந்த அதட்டலும் அந்தக் கெஞ்சலும் அப்படியே.

ஜுனைதீன் இரண்டாம் முறை கேட்டபோது சதீஸ் கிழமை சொன்னான், மாசம் சொன்னான், எழுபத்திரண்டு வரைக்கும் இறங்கினான். வீட்டில் இரண்டு பேர் என்றான். கடைசிக் கேள்வி வந்தபோது மட்டும் அவன் கண் அதிகாரியைத் தாண்டி மேல்தட்டுப் பக்கம் போனது. எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான்தான் குடுத்தேன்," என்றான். யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெளிவான புள்ளதானே! பயந்து போயிட்டாரு, பாவம்," என்று ஜுனைதீன் எழுதத் தொடங்கினார். ஜீவராணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். கலைச்செல்வி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அழுதுரு, அழுதுரு, பெத்தவ இல்லியா" என்றாள். பெத்தவளுக்காக மட்டும் அழவில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அம்மாவை முழுசாகவே புதைத்தார்கள், அப்பாவுக்குப் பக்கத்தில். எல்லாம் முடிந்து வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தரையைக் கழுவிவிட்டு, தலைமாடு இருந்த இடத்தில் ஜீவராணி விளக்கேற்றினாள். அம்மாவின் சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தாள். சதீஸ் விளக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சரியாச் சொன்னேனாக்கா?"

"சரியாச் சொன்ன."

"இனிமே எப்பவும் அதத்தான் சொல்லணுமா?"

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"என்னடி பண்ற, தண்ணி வச்சாச்சா?" என்று வெளியிலிருந்து கலைச்செல்வி கேட்டாள்.

"வைக்கிறேன்க்கா," என்றாள் ஜீவராணி. எழுந்துபோய் அப்பாவின் நீல விளிம்புக் கோப்பையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். குடத்திலிருந்து மோந்து ஊற்றி, டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். சதீஸ் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.