துணிக்கூடையில் ஒரு குண்டு

மண்ணுக்கடியில் உலோகம் தேடும் டிடெக்டர் வாங்கியபோது என் மனதில் தங்கம் மட்டும்தான் இருந்தது. பழைய பண்ணைகளில் யாரோ தொலைத்த மோதிரம், கிழிந்த பையிலிருந்து விழுந்த பொற்காசு, இப்படி. என் தம்பி கார்லண்டிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அக்கா, இது வர்ஜீனியா. இங்க தங்கம்னா செத்த சிப்பாயோட சட்டைப் பித்தான்தான். பொற்காசு வேணும்னா வேற ஊரப் பாரு."

அவன் முப்பது வருடமாக அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சாமான்களைத் தோண்டுகிறவன். வாரம் முழுக்க டயர் கடை, ஞாயிறானால் வயல். நான் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று சொல்கிறார்களே, அது நாலு நாளைக்குத்தான் நன்றாக இருக்கிறது. ஐந்தாம் நாள் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் இரண்டு வாரம் மானம் போயிற்று. கருவியின் வட்டத்தட்டை மண்ணை ஒட்டி, வீடு பெருக்குகிற மாதிரி நிதானமாக வீச வேண்டும். நான் இரண்டு பக்கமும் வானத்துக்குத் தூக்கினேன். "ஊஞ்சலா ஆட்டுற?" என்று கார்லண்ட் கத்துவான். இன்னொரு நாள் அடிக்கு அடி கருவி அலறியது. புதையலே கிடைத்துவிட்டது என்று நாலு குழி தோண்டிய பிறகுதான் தெரிந்தது, என் பூட்ஸ் முனையில் இரும்புத் தகடு இருந்தது. இப்படித் தோண்டுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்காரர்கள் அதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் காது மட்டும் எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. அறுபது பிள்ளைகளின் கூச்சலில் எவன் எவளைக் கிள்ளினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிற காது இது. இரும்பு என்றால் கருவி உறுமும். பித்தளையும் வெள்ளியும் கீச்சென்று உயரக் கூவும்.

மூன்றாவது வாரம், ஆற்றங்கரையில் அறுவடை முடிந்த சோயா வயல். ஹெட்ஃபோனுக்குள் பெரிய உறுமல் கேட்டது. அந்த உறுமலுக்குள்ளே, ஒரு ஓரத்தில், மெல்லிய கீச்சொலி ஒன்றும் கேட்டது. முழங்கை ஆழம் தோண்டினேன். துருப்பிடித்த பீரங்கிக் குண்டு, முலாம்பழம் அளவு. கார்லண்ட் வயலின் மறுகோடியிலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"மூணே வாரம்! எனக்கு ஏழு வருஷம் ஆச்சு, பாவி!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையில் இருந்தவள், அந்தக் கீச்சொலியைப் பற்றி வீடு வந்த பிறகுதான் சொன்னேன்.

"பெரிய இரும்பு பொய்க்குரல் குடுக்கும் அக்கா. பித்தளை மாதிரியே கூவும். கத்துக்குட்டிங்க எல்லாரும் அதுல ஏமாந்தவங்கதான்" என்றான். அது உண்மையும்கூட. புத்தகத்திலேயே இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கொட்டகையில் சுவர் முழுக்க இப்படிப்பட்ட குண்டுகள், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் தண்ணீர் சொட்டவிட்டு, டிரில்லால் துளை போட்டு, உள்ளே இருந்த மருந்தைக் கழுவி வெளியேற்றியவன் அவன். நூற்று அறுபது வருடம் மண்ணில் ஊறிய மருந்து சேறாகத்தான் வரும் என்பான். ஒரு வகையை மட்டும் தொடவே மாட்டான். ஆற்றில் வந்த போர்ப்படகுகள் சுட்டவை. அவற்றின் வாயைப் பித்தளைத் திருகாணியால் அடைத்து, மேலே ஈயத்தால் மூடியிருப்பார்களாம், தண்ணீர் புகாமல். "அதுக்குள்ள மருந்து இன்னும் முகப்பவுடர் மாதிரி காஞ்சு கிடக்கும். டிரில் சூடு பட்டாப் போதும், நம்மள அள்ள ஆள் வேணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தான்.

அப்படியானால் போலீஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் கூப்பிட மாட்டார்கள். இரண்டு வருடம் முன்பு சங்கத்தில் ஹார்லோ என்பவர் ஒரே ஒரு குண்டுக்காகக் கூப்பிட்டார். வெடிகுண்டுப் படை வந்து, காலியாகக் கழுவி வைத்திருந்தவற்றையும் சேர்த்து அள்ளிப்போய் வெடிக்க வைத்துவிட்டது. அதோடு எந்தப் பண்ணைக்காரரும் அவரை வயலுக்குள் விடவில்லை. கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலி இன்றும் காலிதான். ஊமையாக இருப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் என் குண்டுக்குத் துளை போடுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் கார்லண்ட் கடையில் இருந்தான். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு அவன் கொட்டகைக்குப் போனேன்.

பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீருக்குள் அது உட்கார்ந்திருந்தது. கருவியின் தட்டை அதற்கு மேலாக வீசினேன். உறுமல். இடது ஓரத்தில் கீச்சொலி. பொய்க்குரல் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிதானே கேட்க வேண்டும் என்று தோன்றியது. கையைத் தண்ணீருக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குண்டை அரை வட்டம் உருட்டினேன். மறுபடி வீசினேன். கீச்சொலியும் அரை வட்டம் நகர்ந்து வலப்பக்கம் வந்திருந்தது.

அந்த இடத்தில் துருவைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். பொருக்கு உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறம். நகம் அழுத்தினால் பதிகிற மென்மை. ஈயம். ஒரு கீறல்கூட இல்லாமல் மூடியபடியே இருந்தது.

வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தேன்.

"கார்லண்ட், அதுல ஈய மூடி இருக்குடா. படகுக் குண்டு. என் கண்ணால பாத்தேன்."

"ஏதாவது துப்பாக்கி ரவை துருவுல ஒட்டியிருக்கும். அந்த வயல் பூரா ரவைதானே?"

"ரவை இல்லடா, வட்டமா இருக்கு."

"மூணு வாரம் கருவி பிடிச்சிட்டு எனக்குப் பாடமா? கடையில எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க அக்கா." குரல் இறுகிவிட்டது. "நாளைக்கு எதுக்கு? இன்னைக்கு நாலு மணிக்கு வந்ததும் திறந்து காட்டுறேன். அப்புறம் நீ வாயத் திறக்கக் கூடாது."

வைத்துவிட்டான். அவனைக் காப்பாற்றப் போன் செய்தவள், அவன் சாவை ஒரு நாள் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

மணி ஒன்று. போலீஸைக் கூப்பிட்டால் அவனுடைய முப்பது வருடமும் போய்விடும். கூப்பிடாவிட்டால் அவனே போய்விடுவான். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். உலகத்திலேயே முட்டாள்தனமான வழி. எங்கள் கூட்டத்து ஆளுக்கு மட்டும்தான் அது தோன்றும். குண்டை நானே எடுத்துப்போய் ஆற்றில் போட்டுவிடுவது.

துணிக்கூடையில் நனைத்த துண்டுகளை அடுக்கி, குண்டை நடுவில் வைத்தேன். இருபத்தாறு பவுண்டு. கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. கொட்டகையிலிருந்து கார் வரை முப்பது அடியும் நான் யோசித்தது வெட்கக்கேடானது: உள்ளாடை பழசாக இருக்கிறதே, அள்ளுகிறவர்கள் பார்ப்பார்களே என்று. பக்கத்து இருக்கையில் கூடையை வைத்து, பழக்கதோஷத்தில் பெல்ட் போட்டுவிட்டேன்.

ஆற்றுக்கு நாலு மைல். அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் எனக்கு மனப்பாடம். பதினைந்து மைல் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினேன். ரயில் தண்டவாளத்தில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். கூடைக்குள் குண்டு லேசாகப் புரண்டது. என் தொண்டையிலிருந்து ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்காதீர்கள், அதிர்கிறதே என்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன். பிறகு சைரன்.

ஜன்னலருகே குனிந்தவன் கோல்பி. ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரன். ஆறு வருடம் என் பேருந்தில் மூன்றாவது வரிசையில் வந்தவன்.

"ரோவீனாம்மா, நாற்பத்தஞ்சுல போற ரோட்டுல பதினஞ்சுல போறீங்க. பின்னாடி பதினோரு வண்டி. உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"கூடையில என்ன?"

"துணி."

"துணிக்கு சீட் பெல்ட்டா?"

அவன் எட்டிப் பார்த்தான். துண்டின் விளிம்பில் துரு தெரிந்தது.

"பொய் சொன்னா காது சிவக்கும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்வீங்க? உங்க காதைப் பாருங்க."

"கோல்பி," என்றேன், "அது வெடிக்கும்டா. கதவைத் தட்டாத."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "மெதுவா இறங்குங்க. கதவைச் சாத்த வேண்டாம். என் கையப் பிடிச்சுக்கங்க" என்றான்.

சாலையை இரண்டு பக்கமும் மறித்தார்கள். வெடிகுண்டுப் படை வர இரண்டரை ஆகிவிட்டது. கவச உடையில் ஒரு பெண் கூடையைத் தரிசு நிலத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். கால் மைல் தள்ளி, கோல்பியின் வண்டிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தார்கள். எங்கே கிடைத்தது என்றார்கள். வயலைச் சொன்னேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்றதற்கு, என் வீட்டில் என்று சொன்னேன்.

நாலேகால் மணிக்கு அதை வெடிக்க வைத்தார்கள். காதால் கேட்பதற்கு முன்பே நெஞ்சில் வந்து அறைந்தது. மண் மரத்தின் உயரம் எழும்பியது. எங்கோ ஒரு கண்ணாடி நொறுங்கியது. வண்டியின் கூரை மேல் கட்டிகள் விழுந்தன.

அந்தப் பெண் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "நாங்க வெச்சது சோப்புக்கட்டி அளவு மருந்து. மீதி எல்லாம் அதுக்குள்ள இருந்ததுதான். ஒரு சொட்டுத் தண்ணிகூட இறங்கல."

கோல்பி என் பக்கத்தில் குந்தினான். "இந்த மாதிரி வேற ஏதாவது இருக்கா ரோவீனாம்மா? எங்கயாவது?"

"இல்ல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அப்போது போன் அடித்தது. கார்லண்ட்.

"குண்டு எங்க அக்கா?"

"போயிடுச்சுடா. வெடிக்க வெச்சுட்டாங்க. மரத்து உயரம் மண்ணு..."

"அவங்க மருந்து வெச்சா எதுதான் வெடிக்காது? போலீஸ்கிட்ட போனியா?" மூச்சு வாங்கியது. "சங்கத்துல என் மூஞ்சி என்ன ஆகும்? சரி, கேட்டுக்கோ. அதே வயல்ல போன மாசம் நானும் ஒண்ணு எடுத்தேன். அதே அளவு. இன்னும் திறக்கல. இப்ப டிரில்லுக்கு அடியிலதான் வெச்சிருக்கேன். லைன்லயே இரு. உள்ள இருந்து சேறு வரும்போது நீயே கேளு."

டிரில் சுழல ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. இன்னும் இரும்பைத் தொடவில்லை.

"கார்லண்ட், வேண்டாம்டா. கெஞ்சிக் கேக்குறேன்."

"பயந்தாங்கொள்ளி" என்றான்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கோல்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "டேனர் ரோடு, நூத்திப் பதினாலு" என்று சத்தமாகச் சொன்னேன். "பின்பக்கக் கொட்டகை. என் தம்பி உள்ள இருக்கான். செவுத்துல நாற்பத்தொண்ணு. டிரில்லுக்குக் கீழ ஒண்ணு. எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒண்ணு விடாம எடுத்துடுங்க."

கோல்பி எழுந்து ரேடியோவை நோக்கி ஓடினான். போனில் டிரில்லின் சத்தம் தேய்ந்து நின்றது.

"முப்பது வருஷம், ரோவீனா" என்றான் கார்லண்ட். பிறந்ததிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இனிமே நீ எனக்கு யாரும் இல்ல."

"சரிடா, யாரும் இல்ல. வெளிய வா."

ஏதோ ஒன்றை உதைத்தான். பிறகு காலடிச் சத்தம். கொட்டகைக் கதவு அவன் பின்னால் அறைந்து சாத்தப்படுவது கேட்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.