பின்னிங்கும் பைனிங்கும்

எலும்பு டாக்டர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டபோது, அது தன்னைப் பற்றியது என்று புது டைப்பிஸ்டுக்குத் தெரியாது. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்வதை ஹெட்ஃபோனில் கேட்டு ஆங்கிலத்தில் அடித்துத் தருவது அவள் வேலை. கை பறக்கும். ஸ்பெல்லிங்தான் அவ்வப்போது காலை வாரிவிடும்.

மணிக்கட்டு உடைந்து வந்த ஓர் அம்மாவுக்கு, கம்பி செருகி எலும்பைப் பொருத்தியிருந்தார் டாக்டர். அதற்குப் பின்னிங் என்று பெயர். ‘பின்’னோடு ‘இங்’ சேரும்போது நடுவில் இரண்டு ‘என்’ வர வேண்டும். இவள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். ஒற்றை ‘என்’ போட்டால் அது பைனிங். ஏங்கித் தவிப்பது என்று பொருள். அதுவும் நல்ல ஆங்கிலச் சொல்தான் என்பதால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடவில்லை. ஆக, அந்த அம்மாவின் மணிக்கட்டு யாரையோ நினைத்து உருகிக்கொண்டிருந்தது.

டைப்பிங் பிரிவின் தலைவி திட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்பெல்லிங் தேர்வு, தான் சொல்லும் சொற்களை இவள் எழுத வேண்டும், தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வரவேற்பு மேஜைக்கு மாற்றம் என்றார்.

“தேறிடுவேன் மேடம்” என்றாள் இவள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் எழுந்ததும் எழுந்திராததுமாக இணையத்தில் ‘இங்’ சேர்க்கும் விதிகளைத் தேடி உட்கார்ந்தாள். ஒற்றை உயிர், ஒற்றை மெய், விதிவிலக்கு, அதற்கும் ஒரு விலக்கு. தலை சுற்றியது. எலக்ட்ரீஷியனான அவள் கணவன் அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்தான்.

“மொதல்ல பல்லை வெளக்கு. அப்புறமா பாலைக் குடி. இங்கிலீஷ் எங்கயும் ஓடிடாது.”

அவள் நிமிர்ந்தாள். “என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவன் பயந்துபோய் மெதுவாகச் சொன்னான். பல்லை. பாலை. பல் குறில், அதனால் ‘ல்’ இரட்டித்தது. பால் நெடில், ஒற்றையாகவே நின்றது. பின், பின்னிங். பைன், பைனிங். இத்தனை வருஷமாக வாய் தானாகச் செய்துவந்ததைத்தான் அந்தப் பக்கம் முழுக்க வளைத்து வளைத்து எழுதியிருந்தார்கள்.

அவனும் உற்சாகமாகித் தன் தொழிலிலிருந்து சொற்களை எடுத்துப் போட்டான். ஃபிட்டிங்குக்கு இரண்டு ‘டி’ என்றாள். ஒயரிங்குக்கு ஒரே ‘ஆர்’. ஒயரின் வாலில் சத்தமில்லாமல் கிடக்கும் ‘இ’, ‘இங்’ வந்ததும் இடத்தைக் காலி செய்துவிடும். பந்து, பந்தை ஆகும்போது ‘உ’ கழன்றுகொள்வது போலத்தான் என்றாள்.

அவன் முகம் மாறியது. “வண்டியில ஒயரிங்னு அந்த ‘இ’யோடதான் எழுதி ஓட்டிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, அதைச் சுரண்ட பிளேடை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

வெள்ளிக்கிழமை பிரிவுத் தலைவி எதிரே உட்கார்ந்து சொற்களைச் சொல்லிக்கொண்டே போனார். இவள் உதட்டுக்குள் முணுமுணுத்தபடி தயங்காமல் எழுதினாள். திருத்திய தாளில் ஒரே ஒரு சிவப்பு வட்டம், ‘விசிட்டிங்’ மேல். விசிட்டிங் கார்டு என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது, இரண்டு ‘டி’ போட வைத்துவிட்டது.

தலைவி விரலால் மேஜையில் தட்டிக் காட்டினார். விசிட்டில் அழுத்தம் முதல் அசையில். அதனால் ஒற்றை ‘டி’. அட்மிட்டில் கடைசி அசையில், அதனால் இரட்டை.

இவளும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். “தமிழ்க் காதுக்கு இந்த அழுத்தம் பிடிபடலை மேடம். இனிமே தட்டிப் பாத்துட்டே அடிக்கறேன். இந்தத் தப்பு மறுபடி வராது.”

மற்றதெல்லாம் எப்படிப் பிடிபட்டது என்று அவர் கேட்டார். பல்லையும் பாலையும் சொன்னாள். அவர் உதட்டை அசைத்து இரண்டையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, வேலை நிரந்தரம் என்று சொல்லி, சொற்களை மென்று விழுங்கும் இதய டாக்டரின் பதிவுகளை இனி இவளிடமே கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அந்தப் பதிவென்றாலே பிரிவில் எல்லோரும் ஓடி ஒளிவார்கள்.

“குடுங்க மேடம்” என்றாள். இடத்துக்குப் போய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டினாள்.